தலைக்கும் குழாய்க்கும் நடுவே ஆறு அங்குலம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "வாகனப் பாதுகாப்புன்னு ஒரு அரை மணி நேரம் பேசுப்பா" என்றார். வாகனப் பாதுகாப்பு பெரிய கடல். அதில் ஒரு சாண் இடத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வண்டிக்குள்ளே உட்கார்ந்திருப்பவன் தலைக்கும், அந்தத் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புக்கும் நடுவே உள்ள இடம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதில் நானே செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் பேச எனக்கு யோக்கியதை இல்லை. எனவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வெம்பாக்கம். ஆரணிப் பட்டு, காஞ்சிபுரம் பட்டு என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள். அப்பா தறி போட்டவர். குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார வேண்டும். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியைத் தாங்கும் கட்டை குறுக்கே போகும். இழை அறுந்துபோனால் அவசரமாக எழுந்திருப்பார், 'டங்'கென்று அந்தக் கட்டையில் இடித்துக்கொள்வார். ஒருநாள் அம்மா ஒரு பழைய சேலையை நாலாக மடித்து அந்தக் கட்டையில் சுற்றிக் கட்டிவிட்டார். அதற்கப்புறம் அப்பா இடித்துக்கொண்டாலும் சத்தம் வராது. எனக்குத் தெரிந்து நான் பார்த்த முதல் 'ஹெட் ப்ரொடெக்‌ஷன் பேடிங்' அதுதான். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தச் சேலை ஏன் அங்கே வேலை செய்தது, அதே சேலை வேறு இடத்தில் ஏன் வேலை செய்யாது என்பதுதான் இந்தப் பேச்சே.

2010-இல் நான் மூன்றாமாண்டு. நம் கல்லூரியிலிருந்து பாஹா போட்டிக்கு ஒரு வண்டி செய்தோம். மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் பக்கத்தில் பீதம்பூரில் நடக்கும் மாணவர் போட்டி அது. ஒற்றை ஆள் உட்காரும் பக்கி வண்டி. அதற்கு ரோல் கேஜ், அதாவது ஆளைச் சுற்றி இரும்புக் குழாயால் பாதுகாப்புக் கூண்டு, கட்டாயம். குழாய் வளைத்ததும் வெல்டிங் அடித்ததும் பெரும்பாலும் நான்தான். நம் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் ஐயாவிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. அந்தப் போட்டி விதிப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. ஓட்டுநர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு, கூண்டின் எந்த இரண்டு குழாய்க்கு நடுவே நேர்க்கோல் வைத்தாலும், அந்தக் கோலுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஆறு அங்குலம், 152 மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். குழாய்க்கு மெத்தை உறையும் போட வேண்டும். பரிசோதகர் கோலை வைத்துப் பார்த்தார், பாஸ் என்றார். நாங்கள் கைதட்டினோம். அந்த ஆறு அங்குலம் எதற்கு என்று அன்றைக்கு எங்கள் குழுவில் ஒருவனாவது கேட்டிருந்தால் நான் இன்றைக்கு இந்த மேடையில் வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பேன்.

2013-இல் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு பழைய ஜீப் வாங்கினார். மேல்கூரை துணி. "நீதான் பந்தய வண்டிக்கே கூண்டு கட்டினவனாச்சே, நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டுக் கொடுடா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. குழாயில் ஒன்று ஓட்டுநரின் வலது காதுக்குப் பக்கமாக, மூன்று விரல் தூரத்தில் போனது. மெத்தைக் கடையில் ஸ்பாஞ்ச் வாங்கிச் சுற்றி, மேலே கறுப்பு ரெக்ஸின் தைத்துப் போட்டேன். பார்ப்பதற்கு வெளிநாட்டு வண்டி மாதிரி இருந்தது. தெருவே வந்து பார்த்தது. அந்த ஜீப்பில் சீட் பெல்ட் கிடையாது. கூண்டு போடத் தெரிந்த எனக்கு, முதலில் பெல்ட் போடுங்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில், காஞ்சிபுரத்தில் சேலை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வண்டி சாலையை விட்டு வழுக்கி, பக்கத்துக் கழனியில் ஒருக்களித்துச் சாய்ந்தது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. முழுசாகக் குட்டிக்கரணம்கூட அடிக்கவில்லை. கூண்டு ஒரு நெளிவு இல்லாமல் நின்றது. அண்ணனின் தலை அந்தக் குழாயில் மோதியது. வெளியே ஒரு சின்னக் காயம், உள்ளே ரத்தக் கசிவு. பிழைத்துக்கொண்டார். நடக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார். ஆனால் தறியில் உட்கார்ந்தால் இழை எண்ணிக்கை தவறிவிடுகிறது. கோர்வைச் சேலை நெய்த கை அது. இப்போது சாதாரணப் புட்டாவுக்குக்கூடப் பக்கத்தில் ஒருவர் இருந்து எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் தலை குனிந்து நின்றபோது அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "வண்டி நசுங்கலயே பாத்தியா, உன் கூண்டு நல்ல கூண்டுடா." அவர் மனசாரச் சொன்னார். எனக்கு அது இன்றைக்கும் இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். மாணவர்கள் இருப்பதால் ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிளஸ் டூ இயற்பியல்தான், பயப்பட வேண்டாம்.

மனிதத் தலை ஏறக்குறைய நாலரை கிலோ. அது மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒன்றில் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை அழுத்தி மிதித்தால் வரும் வேகம் அது. ஆனால் அதே வேகம் ஏழரை அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் வரும். நம் வீட்டுப் பரணிலிருந்து தலைகீழாகத் தரையில் விழுவதற்குச் சமம். அந்த வேகத்தைப் பூஜ்யமாக்க எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. வேகத்தின் வர்க்கத்தை, நிற்கும் தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் வந்துவிடும். வெறும் இரும்புக் குழாயில் தலை ஐந்து மில்லிமீட்டரில் நின்றுவிட்டால், புவியீர்ப்பைப் போல 450 மடங்கு. பொறியாளர் பாஷையில் 450 ஜி. அதே தலை 25 மில்லிமீட்டர் தூரத்தில் சீராக நின்றால் 90 ஜி. 40 மில்லிமீட்டர் கிடைத்தால் 60 ஜிக்கும் கீழே. ஆள் அதே ஆள், வேகம் அதே வேகம். வித்தியாசம் ஒரு விரல்கட்டை அகலம்.

இது ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. ஹியூ டி ஹேவன் என்று ஒருவர். 1917-இல் விமானப் பயிற்சியின்போது இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி, அதில் பிழைத்தவர். நாம் எப்படிப் பிழைத்தோம் என்று வாழ்நாள் முழுக்க யோசித்த மனுஷன். 1942-இல் ஒரு கட்டுரை எழுதினார். 50 அடி முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் சாகாதவர்களைத் தேடி ஆராய்ந்தார். அவர்கள் விழுந்த இடம் சில அங்குலமாவது உள்வாங்கியிருந்தது. கிளறிவிட்ட மண் மாதிரி. ஆளைக் காப்பாற்றியது அந்தச் சில அங்குலம். 1956-இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி டேஷ்போர்டுக்கு மெத்தை வைத்து விற்க ஆரம்பித்ததற்குப் பின்னால் இந்த மாதிரி ஆட்களின் வேலைதான் இருக்கிறது.

சரி, நானும்தான் மெத்தை வைத்தேனே? ஸ்பாஞ்ச் சுற்றினேனே? இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். நான் மூன்று குழாய்த் துண்டு கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பார்த்து, பின்னால் அனுப்புங்கள். (இந்த இடத்தில் மூன்று துண்டுகளும் அவையோரிடம் கொடுக்கப்பட்டன.) ஒன்றில் நான் ஜீப்பில் சுற்றிய அதே மெத்தை ஸ்பாஞ்ச். கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே இரும்பு தெரிகிறதல்லவா? உங்கள் விரலுக்கே அடிமட்டம் வரை போய்விடுகிற பொருள், நாலரை கிலோ தலை ஏழரை அடியிலிருந்து விழுந்தால் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. வழியில் எந்த வேகத்தையும் வாங்கிக்கொள்ளாமல், கடைசி இரண்டு மில்லிமீட்டரில் தலையை இரும்பிடம் ஒப்படைத்துவிடும். இரண்டாவது துண்டில் ஏ.சி. குழாய்க்குப் போடுகிற கறுப்பு ரப்பர் உறை. இதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். அது சூட்டைத் தடுப்பதற்குச் செய்த பொருள். மூன்றாவதை அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போகாது. 'இது மெத்தையா, மரக்கட்டையா' என்று தோன்றும். இதுதான் பந்தய வண்டிக்கென்றே செய்யும் உறை. கையால் குத்தினால் வலிக்கும். ஆனால் உண்மையான மோதலில் மெல்ல மெல்ல நசுங்கி, கடைசிவரை எதிர்த்துக்கொண்டே வழிவிடும்.

வீட்டில் கிழிந்த ஹெல்மெட் இருந்தால் பிரித்துப் பாருங்கள். நெற்றியில் படும் மெல்லிய ஸ்பாஞ்ச் சும்மா சொகுசுக்கு. உயிரைக் காப்பது அதற்குப் பின்னால் இருக்கும் கெட்டியான தெர்மாகோல். அதே தத்துவம்தான். எந்த ஃபோமும் முழுக் கனமும் நசுங்காது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நசுங்கியதும் கல்லாகிவிடும். அதனால் ஒரு அங்குல உறை போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 16, 17 மில்லிமீட்டர்தான். நம் கணக்கில் அது 140 ஜிக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதுவும் எல்லாம் இலட்சியமாக நடந்தால். குழாய் உருண்டை வேறு. தட்டையான பலகையில் மோதினால் பரவலாக விழும் அடி, குழாயில் ஒரு கோடு மாதிரி விழுகிறது. அம்மா கட்டிய சேலை ஏன் பலித்தது என்று இப்போது புரியும். அப்பா எழுந்திருக்கும் வேகம் அவ்வளவு குறைவு. வலியைக் குறைக்கச் சேலை போதும். மூளையைக் காப்பது அதன் வேலை இல்லை.

பந்தயத்தில் இதற்கெல்லாம் தரம் எழுதி வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஏ. என்கிற உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு, ஹெல்மெட் படக்கூடிய கூண்டுக் குழாய்களுக்கு 8857-2001 என்ற தரத்தில், ஏ வகை உறை போடச் சொல்கிறது. அமெரிக்காவில் எஸ்.எஃப்.ஐ. 45.1 என்று ஒன்று. கூண்டின் முதன்மைக் குழாய் 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், இல்லையென்றால் 50-க்கு 2 என்று அதற்கும் அளவு உண்டு. நமக்கு இதெல்லாம் எங்கோ ஐரோப்பா சமாசாரம் இல்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த ஊர் நம் சென்னை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் நிரந்தரப் பந்தயத் தடமே அமைத்தது. வெம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் பார்த்துவிட்டு வரலாம். அங்கே ஓடும் காரை நம் பையன்கள் பார்க்கிறார்கள், கூண்டு மனசில் பதிகிறது. பதியாமல் போவது என்ன தெரியுமா? அந்த ஓட்டுநர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. கழுத்துக்குத் தனிக் கருவி இருக்கிறது. இரண்டு பக்கமும் தலையை அணைத்து நிற்கும் பிடிப்பான இருக்கை இருக்கிறது. தோள், இடுப்பு, தொடையிடுக்கு என்று ஆறு இடத்தில் பெல்ட் கட்டியிருக்கிறது. இத்தனைக்கும் அப்புறம் மிச்சமாக வருவதைத்தான் அந்த உறை தாங்குகிறது. அந்த உறையே ஹெல்மெட் போட்ட தலையை மனசில் வைத்துச் செய்தது. வெறுந்தலைக்கு அது உத்தரவாதம் தரவில்லை.

ரோட்டில் ஓட்டும் காரில் நாம் ஹெல்மெட் போடுவதில்லை. மூன்று முனை பெல்ட் நெஞ்சையும் இடுப்பையும் பிடிக்கும், தலையைப் பிடிக்காது. பக்கவாட்டில் அடி விழுந்தால் தலை ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய் ஜன்னல் பக்கம் முட்டும். வண்டி தலைகீழானால் உடம்பு பெல்ட்டை இழுத்துக்கொண்டு கூரைப் பக்கம் எழும்பும். காரைத் தயாரித்தவன் இதை யோசித்திருக்கிறான். கதவுக்குப் பின்னால் நிற்கும் தூணின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் உள்ளே வெற்றிடமும் மெல்லிய விலா எலும்பு மாதிரி அமைப்பும் இருக்கும். அழகுக்கு இல்லை, நசுங்குவதற்கு. அமெரிக்காவில் 1995-இல் இதற்கென்றே விதி கொண்டுவந்தார்கள். நாலரை கிலோ பொம்மைத் தலையை மணிக்கு 24 கிலோமீட்டரில் தூணிலும் கூரை விளிம்பிலும் எறிந்து சோதிக்க வேண்டும். நான் மேலே கணக்குக்கு எடுத்துக்கொண்ட வேகம் அங்கிருந்துதான். ரோல் பார் வைத்து விற்கும் வண்டியென்றால் அந்தக் குழாயிலும் எறிய வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. நான் ஜீப்பில் செய்த குழாயில் யாராவது அப்படி எறிந்து பார்த்திருந்தால் என் தலையெழுத்து அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நம் நாட்டிலும் நிலைமை மாறிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்று நட்சத்திர மதிப்பீடு வந்திருக்கிறது. கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையும் அதில் உண்டு. ஜன்னல் மேலிருந்து திரை மாதிரி இறங்கும் ஏர்பேக் பல கார்களில் வந்துவிட்டது. மோதிய சில நூறில் ஒரு பங்கு விநாடிக்குள் அது தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறங்கியாக வேண்டும். அந்த வழியில் நீங்கள் ஒரு குழாயைப் பற்றவைத்தால் பை எங்கே இறங்கும்? கம்பெனி பல கோடி செலவழித்து வாங்கிக் கொடுத்த அந்த ஒரு சாண் இடத்தை நாம் பணம் கொடுத்து இரும்பால் அடைக்கிறோம்.

சட்டமும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் கூண்டைக் கழற்றியதாக நான் பார்க்கவில்லை. கணக்கைக் காட்டினால் சிலர் கழற்றியிருக்கிறார்கள்.

"அப்போ ரோட்டு வண்டிக்கு ரோல் கேஜே கூடாதா சார்?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டான். என் அபிப்பிராயம், மூடின காருக்கு வேண்டாம். முழுசாக வேண்டாம். திறந்த ஜீப்புக்குப் பின்னால் ஒரு வளைவு நியாயம்தான். ஆனால் தயாரிப்பாளரே கொடுத்ததாக இருக்கட்டும், பெல்ட் போட்டு உட்கார்ந்த ஆளின் தலை எந்தப் பக்கம் ஆடினாலும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு உறை போடுவது, வாசலில் கிணறு வெட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்பது மாதிரி. முதலில் தூரம், அப்புறம் பெல்ட், உறை கடைசி.

என் அண்ணன் அந்த ஜீப்பை விற்கச் சம்மதிக்கவில்லை. கூண்டை மட்டும் நானே கிரைண்டர் வைத்து அறுத்து எடுத்தேன். பெல்ட் போட்டுக் கொடுத்தேன். அறுத்த குழாய்களில் ஒன்று அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

இன்று காலையில் சீக்கிரமே வந்துவிட்டதால் நம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இந்த வருஷத்து பாஹா வண்டி பாதி முடிந்து நிற்கிறது. தம்பிகளே, வெல்டிங் எங்கள் காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது, மனசாரச் சொல்கிறேன். ஆனால் தலைக்குப் பக்கத்துக் குழாயில் நீங்கள் சுற்றியிருப்பது இரண்டாவது துண்டு. அந்த ஏ.சி. உறை. முறையான உறைக்கு ஆகும் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், நண்பர்கள் பின்வரிசையில் தலையாட்டுகிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் ஒர்க்‌ஷாப்பில் இருப்பேன். உங்கள் குழுவிலேயே உயரமான பையனை ஹெல்மெட்டோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். நேர்க்கோல் கொண்டுவந்திருக்கிறேன்.